மத்வேய் புரொன்ஷ்டெய்ன்: ஈர்ப்பின் குவாண்டமும் ஒரு தலைமுறையின் அழிவும்

மாக்சிய நோக்கிலான விஞ்ஞான வரலாறு பற்றிப் பேசப்புகும் எவரும் 1931 ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெற்ற விஞ்ஞான தொழினுட்ப வரலாற்றுக்கான இரண்டாவது சர்வதேச மாநாட்டினைக் குறிப்பிடாது விடுவதில்லை. புகாரின் தலைமையில் அங்கு சென்ற சோவியத் தூதுக்குழுவினருள் ஒருவரான பொரிஸ் ஹெஸ்ஸென், நியூற்றனின் 'பிரின்சிப்பியா' என்னும் பெருநூலின் சமூக பொருளாதார வேர்களை ஆராய்ந்து சமர்ப்பித்த கட்டுரை, பேர்ணல், நீடம் முதலிய பிரித்தானிய விஞ்ஞானிகளை ஆழமாகப் பாதித்தது. இலக்கியத்தை அதன் சமூகத் தளத்தில் வைத்து நோக்க முயலும் எம்போன்றோருக்கும் அக்கட்டுரை நேரடியாகவோ மறைமுகமாகவோ வழிகாட்டியாக இருந்துள்ளது. கருத்துக்கள் ஆகாயத்திலிருந்து இறங்குவதில்லை என்பதைப் பௌதிகவியல் போன்ற 'தூய' துறையிலேயே நிறுவிக்காட்டிய துணிவு அதற்கு உண்டு.

அதே ஆண்டின் பிற்பகுதியில் ஹெஸ்ஸெனுக்கு லெனின்கிராட்டிலிருந்து ஒரு தந்தி வந்தது. மாபெரும் சோவியத் கலைக்களஞ்சியத்தின் 65 ஆம் தொகுதியில் 'ஈதர்' என்னும் தலைப்பில் அவர் எழுதியிருந்த கட்டுரையைப் படித்த இளைஞர் சிலர், ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கைக்குப் பின்னரும் ஈதரின் பொருண்மையை வலியுறுத்தும் தலைவருக்குத் தமது 'பாராட்டுக்களை'த் தெரிவித்து, வெப்பப் பாய்மம், புளொசித்தன் முதலிய பழைய பொருள்களைத் தேடும் பணியிலும் தமக்குத் தலைமை தாங்குமாறு வேண்டியிருந்தனர். கேலி அப்பட்டமானது. கையொப்பமிட்டோருள் லெவ் லண்டாவு, ஜோர்ஜ் காமோவ், திமித்ரி இவனென்கோ ஆகியோருடன் மத்வேய் பெத்ரோவிச் புரொன்ஷ்டெய்ன் என்னும் இருபத்தைந்து வயது இளைஞரும் இருந்தார். இத்தந்திக்காக அவர்கள் கண்டிக்கப்பட்டனர். கேலிக்குள்ளான ஹெஸ்ஸென் 1936 டிசம்பர் 20 இல் சுட்டுக்கொல்லப்பட்டார். கேலி செய்தோருள் ஒருவரான புரொன்ஷ்டெய்ன் 1938 பெப்ரவரி 18 இல் சுட்டுக்கொல்லப்பட்டார். பதினான்கு மாத இடைவெளி. தத்துவ விவாதத்தின் இரு கரைகளிலும் நின்றவர்களை ஒரே இயந்திரம் விழுங்கியது என்ற இவ்வுண்மையை எவ்வாறு விளங்கிக்கொள்வது? ஹெஸ்ஸெனிடம் கற்றுக்கொண்ட முறையியலைக் கொண்டே இவ்வினாவை அணுகவேண்டிய கடப்பாடு எமக்குண்டு. அதற்குப் புரொன்ஷ்டெய்னின் வாழ்க்கையும் எழுத்தும் பொருத்தமான களம் என நாம் கருதுகிறோம்.

புரொன்ஷ்டெய்ன் 1906 டிசம்பர் 2 இல் உக்ரேனின் வின்னித்சா நகரில் யூத மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். ஜார் ஆட்சியில் யூத மாணவர் பல்கலைக்கழகம் புகுவதற்கு விழுக்காட்டுக் கட்டுப்பாடு இருந்தமை யாவரும் அறிந்ததே. 1917 இன் புரட்சி அச்சட்டத் தளைகளை அறுத்தது. பத்து ஆண்டுகள் முன்னதாகப் பிறந்திருப்பின் அவரது பாதை வேறாக அமைந்திருத்தல் கூடும். இதனைக் குறிப்பிடுவது சம்பிரதாயத்துக்காக அன்று. அவரை உருவாக்கியதும் அழித்ததும் ஒரே அரசு என்பதே இக்கட்டுரையின் சிக்கல். கியேவில் தார்தகோவ்ஸ்கி என்னும் பௌதிகவியலாளர் நடத்திய மாணவர் வட்டத்தில் பயின்ற அவர், 1925 இல், பல்கலைக்கழகம் புகுமுன்னரே, ஒளியின் துணிக்கை இயல்பை எக்ஸ் கதிர்களோடு தொடர்புபடுத்தித் தமது முதல் ஆய்வுக்கட்டுரையை வெளியிட்டார். 1926 இல் லெனின்கிராட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 1930 இல் பட்டம் பெற்றார்.

லெனின்கிராட்டில் 'ஜாஸ் பாண்ட்' எனத் தம்மை அழைத்துக்கொண்ட இளம் பௌதிகவியலாளர் குழுவில் அவர் இணைந்தார். காமோவ், லண்டாவு, இவனென்கோ மூவரும் அக்குழுவின் மையம். விண்பௌதிகவியலாளராகப் பின்னர் புகழ்பெற்ற அம்பர்த்சுமியானும், கேலிக்கவிதைகள் புனைந்த எவ்கேனியா கன்னெகீசரும் உறுப்பினர். புரொன்ஷ்டெய்னுக்கு அங்கு வழங்கிய பட்டப்பெயர் 'மடாதிபதி' என்னும் பொருளுடையது. இவர்களின் குறும்பைப் பற்றிப் பல கதைகள் உண்டு. அவற்றை இங்கு விரிக்கத் தேவையில்லை. புதிய குவாண்டம் பொறிமுறை (சக்திச் சொட்டுக்களின் பொறிமுறை என எமது பாடநூல்கள் வழங்கியது) 1925 க்கும் 1927 க்கும் இடையில் ஐரோப்பாவில் பிறந்தபோது, அதனைத் தாமதமின்றி உள்வாங்கிய தலைமுறை இது என்பதே முக்கியம். டிராக்கின் குவாண்டம் பொறிமுறை நூலினை 1932 இல் உருசிய மொழியில் வெளிக்கொணர்ந்த மொழிபெயர்ப்பாளர் புரொன்ஷ்டெய்னே. 1930 முதல் யோஃபே தலைமை தாங்கிய லெனின்கிராட் பௌதிக தொழினுட்ப நிறுவனத்தில் பணியாற்றினார். நாட்டின் கைத்தொழில்மயமாக்கத்துக்குப் பௌதிகவியல் இன்றியமையாதது என்ற கொள்கையின் விளைவாக வளர்ந்த நிறுவனம் அது. குறைகடத்திகள் பற்றிய அவரது ஆய்வுகள் அந்நிறுவனத்தின் நடைமுறை நாட்டங்களோடு ஒத்திசைந்தன.

ஆயின் அவரது பெயரை நிலைநிறுத்தியது, எந்தத் தொழிற்சாலைக்கும் உடனடிப் பயன் தராத வேறொரு வினா.

1933 இல் வெளியான ஒரு கட்டுரையில் அவர் பௌதிகவியற் கோட்பாடுகளின் உறவினை ஒரு வரைபடம் போல ஒழுங்குபடுத்தினார். மூன்று மாறிலிகள்: ஒளியின் வேகம், பிளாங்கின் மாறிலி, நியூற்றனின் ஈர்ப்பு மாறிலி. இவற்றுள் எதனையும் கருத்திற் கொள்ளாத இடத்தில் பழைய பொறிமுறை நிற்கிறது. ஒளிவேகத்தைக் கருத்திற் கொண்டால் சிறப்புச் சார்புக் கொள்கை. பிளாங்கின் மாறிலியைக் கொண்டால் குவாண்டம் பொறிமுறை. ஒளிவேகத்தையும் ஈர்ப்பையும் ஒருங்கே கொண்டால் பொதுச் சார்புக் கொள்கை. மூன்றையும் ஒருசேரக் கருதும் கோட்பாட்டுக்கான இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. அண்டத்தை முழுமையாக விளக்கும் கொள்கை அவ்வெற்றிடத்திலேயே எழவேண்டும் என்பது அவரது வாதம். கோட்பாடுகளைத் தனித்தனி உண்மைகளாகக் கொள்ளாது, ஒன்றின் எல்லையிலிருந்து மற்றொன்று முளைக்கும் வரலாற்றுத் தொடர்ச்சியாகக் காணும் இப்பார்வையை இயங்கியற் பார்வை என்று கூற நாம் தயங்கவில்லை. அச்சொல்லைத் தமது பதவிப் பெயராகவே சூடிக்கொண்டிருந்தோர் பலரிடம் அப்பார்வை இருக்கவில்லை என்பதையும் சேர்த்துக் கூறவேண்டும்.

அதே காலத்தில் அணுக்கருப் பௌதிகவியலில் ஒரு நெருக்கடி நிலவியது. பீட்டாச் சிதைவில் வெளிவரும் இலத்திரன்களின் சக்திக் கணக்கு ஒத்துவரவில்லை. காணப்படாத புதிய துணிக்கை ஒன்று மீதிச் சக்தியைக் கொண்டுசெல்கிறது எனப் பௌலி 1930 இல் ஊகித்தார். அதுவே பின்னர் நியூத்திரினோ எனப் பெயர்பெற்றது. போரோ, கருவினுள் சக்திக் காப்பு விதியே செல்லாதிருக்கலாம் எனக் கருதினார். லண்டாவும் புரொன்ஷ்டெய்னும் முதலில் போரின் பக்கம் நின்றனர். விரிவடையும் அண்டம் பற்றிய தமது 1933 ஆம் ஆண்டுக் கட்டுரையில் புரொன்ஷ்டெய்ன், காப்பு விதியின் மீறலை ஐன்ஸ்டைனின் அண்டவியல் உறுப்புக் காலத்தோடு மாறுவதுடன் இணைத்துப் பார்த்தார். இந்நிலைப்பாடு பிழையானது என வரலாறு காட்டியது, நியூத்திரினோ வென்றது. எனினும் ஈர்ப்புச் சமன்பாடுகளைப் பொருளின் மிகச் சிறிய அளவுகளோடு பொருத்திப் பார்க்கவேண்டும் என்ற நிர்ப்பந்தம் இந்தத் தவறான பாதையிலேயே அவருக்கு உறைத்தது எனலாம்.

இங்கு ஒரு சுவையான செய்தியைக் குறிப்பிடாது அப்பாற் செல்ல முடியவில்லை. ஈர்ப்பின் குவாண்டமாகிய துணிக்கைக்கு இன்று உலகெங்கும் வழங்கும் 'கிரவித்தன்' என்னும் பெயர் முதன்முதலில் அச்சேறியதாக அறியப்படுவது பௌதிகவியல் இதழொன்றில் அன்று. 'மாக்சியத்தின் பதாகையின் கீழ்' என்னும் தத்துவ இதழில், 1934 இல், புளொகின்த்செவ், கல்பெரின் ஆகிய இருவரும் நியூத்திரினோக் கருதுகோளும் சக்திக் காப்பும் பற்றி எழுதிய கட்டுரையில் அச்சொல் இடம்பெற்றது. சார்புக் கொள்கையைக் கருத்துமுதல்வாதம் எனச் சாடிய எழுத்துக்களுக்கும் இடமளித்த அதே இதழ் இது. முப்பதுகளின் சோவியத் அறிவுலகினை ஒற்றை நிறத்தில் தீட்டுவோர் இடதிலும் உளர், வலதிலும் உளர். இரு சாராரும் இந்த இதழின் பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தல் நன்று.

புரொன்ஷ்டெய்ன் 1935 நவம்பரில் தமது கலாநிதிப்பட்ட ஆய்வேட்டினைச் சமர்ப்பித்து வாதிட்டார். பரிசோதகர்களாக இருந்தவர்கள் விளாதிமிர் ஃபோக், ஈகர் தாம் ஆகிய இரு பெரும் அறிஞர்கள். ஆய்வின் பொருள், மென்மையான ஈர்ப்புப் புலத்தின் குவாண்டம் கொள்கை. அதன் சாரம் 1936 இல் சோவியத் ஒன்றியம் ஜேர்மன் மொழியிலும் கட்டுரைகள் வெளியிட்ட பௌதிகவியற் சஞ்சிகையில் வந்தது. மின்காந்தப் புலத்துக்குப் போட்டன் இருப்பதுபோல ஈர்ப்புப் புலத்துக்கும் குவாண்டங்கள் உண்டு எனக் கொண்டு, அவற்றின் பரிமாற்றத்திலிருந்து நியூற்றனின் ஈர்ப்பு விதியை வருவித்தார். ஈர்ப்பு அலைகளாக வெளியேறும் சக்திக்கு ஐன்ஸ்டைன் தந்த சூத்திரத்தையும் அவ்வழியே மீட்டுக்காட்டினார். புதிய கொள்கை பழையதை அழிக்காது தன்னுள் ஓர் எல்லை நிலையாகக் கொண்டிருக்கவேண்டும் என்ற நிபந்தனையை அது நிறைவேற்றியது.

எனினும் கட்டுரையின் நிலைத்த பெறுமதி அதன் மற்றொரு பகுதியிலேயே உள்ளது. அதனைச் சற்று விரிவாக நோக்குவோம். புலம் ஒன்றின் வலிமையை அறிய வேண்டின் அதிலே ஒரு சோதனைப் பொருளை வைத்து, குறித்த நேரத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் அதன் உந்தத்தை அளக்கவேண்டும். அளவீடே அப்பொருளைக் குலுக்கிவிடும் என்பது குவாண்டம் பொறிமுறை தரும் பாடம். மின்புலத்தைப் பொறுத்தவரையில் இக்குலுக்கலைப் போதிய திணிவும் ஏற்றமும் உள்ள பொருளைத் தேர்ந்து விரும்பிய அளவுக்குக் குறைத்துவிடலாம் என 1933 இல் போரும் ரொசென்ஃபெல்டும் காட்டியிருந்தனர். ஈர்ப்புப் புலத்துக்கு அவ்வழி திறந்திருக்கவில்லை. ஈர்ப்பின் 'ஏற்றம்' திணிவேயாகும். ஒன்றைக் கூட்டாது மற்றதைக் கூட்டவியலாது. குறுகிய வெளியில் துல்லியமாக அளக்கவேண்டின் பொருள் சிறிதாகவும் கனமாகவும் இருக்கவேண்டும். ஆயின் எந்தப் பொருளையும் அதன் திணிவுக்குரிய ஈர்ப்பு ஆரையினும் சிறிதாகச் சுருக்க முடியாது. ஆகவே அளவீட்டின் துல்லியத்துக்குக் கடக்கவியலாத ஓர் எல்லை உண்டு. இதிலிருந்து புரொன்ஷ்டெய்ன் வந்தடைந்த முடிவு: இவ்வெல்லைக்கு அப்பால் இரீமானிய வடிவகணிதத்தையும், ஒருவேளை வெளி காலம் பற்றிய எமது வழமையான எண்ணங்களையுமே, கைவிட வேண்டிவரும்.

இருபத்தொன்பது வயதில் ஒருவர் தமது சொந்தக் கோட்பாட்டின் வாயிலிலேயே அதன் போதாமையை எழுதிவைத்தார் என்பது எமது கவனத்துக்குரியது. அவரது காலத்துக் கோட்பாட்டாளர் பலர் ஈர்ப்பையும் மின்புலத்தைப் போலவே கையாண்டுவிடலாம் என எண்ணினர். ஈர்ப்பு அவ்வாறு வசப்படாது என்பதைக் கணித இடர்ப்பாடாக அன்றிப் பொருளின் இயல்பிலிருந்தே காட்டியவர் அவர். அடுத்து வந்த போட்டன் சிதைவு பற்றிய ஆய்விலும் (1936) இதே மனப்பாங்கைக் காணலாம். தொலைவிலுள்ள உடுத்தொகுதிகளின் ஒளி செந்நிறப் பக்கம் பெயர்வதற்கு அண்டத்தின் விரிவு காரணமன்று, போட்டன்கள் வழியில் தாமே பிளந்து சக்தியை இழப்பதே காரணம் என ஊகிக்க இடமிருந்தது. அண்டம் விரிகிறது என்ற கருத்தே படைப்பு வாதத்துக்கு வழிதிறக்கிறது என அஞ்சிய தத்துவக் காவலர்களுக்கு அத்தகைய ஊகம் உவப்பானதாக இருந்திருக்கும். புரொன்ஷ்டெய்ன் அதனைச் சார்புக் கொள்கையின் உரைகல்லிலே தேய்த்துப் பார்த்தார். அத்தகைய பிளவு நிகழுமாயின் அதன் நிகழ்தகவு அதிர்வெண்ணுக்கு நேர்மாறாக இருக்கவேண்டும். அவ்வாறெனின் சிவப்புக் கோடுகளும் ஊதாக் கோடுகளும் ஒரே விகிதத்திற் பெயரமாட்டா. அவதானிப்போ ஒரே விகிதத்தைக் காட்டுகிறது. ஊகம் வீழ்ந்தது.

இலக்கிய மாணவர்களாகிய எமக்கு அவர் மற்றொரு வாயிலால் அறிமுகமாகிறார். மர்ஷாக்கின் வழிகாட்டலில் லெனின்கிராட்டில் இயங்கிய சிறுவர் நூற்பதிப்பகத்தின் ஆசிரியர் குழு, சோவியத் உரைநடை வரலாற்றில் தனி அத்தியாயத்துக்குரியது. மாலுமிகள், பொறியியலாளர், வேட்டைக்காரர், விஞ்ஞானிகள் எனத் தமது தொழிலை அறிந்தவர்களைத் தேடிப்பிடித்துச் சிறுவருக்கு எழுதவைப்பது அதன் கொள்கை. ஐந்தாண்டுத் திட்டத்தைச் சிறுவருக்குக் கதையாக்கிய இலீனும், கடற்கதைகள் தந்த ஷித்கோவும் அங்கிருந்து எழுந்தவர்களே. அக்குழுவின் ஆசிரியர்களுள் ஒருவரான லீதியா சுக்கோவ்ஸ்கயா, சிறுவர் கவிஞரும் விமரிசகருமாகிய கொர்னேய் சுக்கோவ்ஸ்கியின் மகள், புரொன்ஷ்டெய்னின் மனைவியானார். இவர்களின் தூண்டுதலால் புரொன்ஷ்டெய்ன் எழுதியவை 'சூரியப் பொருள்' (1936), 'எக்ஸ் கதிர்கள்' (1937) ஆகிய நூல்களும், 'கோஸ்த்யோர்' சிறுவர் சஞ்சிகையில் 1936 இல் வந்த 'வானொலித் தந்தியைக் கண்டுபிடித்தோர்' என்பதுமாகும்.

'சூரியப் பொருள்' ஈலியத்தின் கதை. புன்சனும் கிர்ச்சோஃபும் ஹைடல்பேர்க்கில் சுவாலைகளின் நிறமாலையை ஆராய்ந்ததிலிருந்து அது வளர்கிறது. 1868 ஆகஸ்ட் 18 இன் முழுச் சூரிய கிரகணத்தைக் குண்டூரில் நின்று அவதானித்த பிரெஞ்சு வானியலாளர் ஜான்சனும், இங்கிலாந்திலிருந்த லொக்கியரும் கிரகணமின்றியே சூரியச் சுவாலைகளைக் காணும் வழியைத் தனித்தனியே கண்டமை. சூரிய நிறமாலையில் தென்பட்ட மஞ்சட்கோடு பூமியின் எந்த மூலகத்துக்கும் உரியதல்ல எனத் தெரிந்தமை. கால் நூற்றாண்டுக்குப் பின் நைதரசனின் அடர்த்தியிற் கண்ட சிறு வேறுபாட்டைத் தொடர்ந்து ரேலியும் இராம்சேயும் ஆகனைக் கண்டமை. 1895 இல் யுரேனியக் கனிமமொன்றில் இராம்சேக்கு அந்தப் பழைய மஞ்சட்கோடு அகப்பட்டமை. தமிழிலும் வாசகரைப் பெற்ற பெரெல்மானின் நூல்கள் ஏற்கெனவே முடிந்த விஞ்ஞானத்தைப் புதிர்களாக்கி மகிழ்விப்பவை. புரொன்ஷ்டெய்னின் முறை வேறு. விடை முன்கூட்டியே வாசகருக்குச் சொல்லப்படுவதில்லை. ஆய்வாளர் தடுமாறும் இடத்தில் சிறுவனும் தடுமாறுகிறான். அவர் ஐயுறும் இடத்தில் அவனும் ஐயுறுகிறான். இந்நடை எளிதில் வாய்த்ததன்று. அவர் திரும்பத் திரும்ப எழுதவேண்டியிருந்ததைச் சுக்கோவ்ஸ்கயா பதிவுசெய்துள்ளார். சிறுவருக்கான எழுத்து அவருக்கு ஓய்வுநேரப் பணி என்ற கருத்தை நாம் ஏற்பதற்கில்லை. ஈர்ப்புக் கட்டுரையில் அளவீட்டின் எல்லையை மறைக்காது முன்வைத்த அதே கை, சிறுவர் நூலிலும் அறிவு எவ்வாறு ஐயத்தினூடாக ஈட்டப்படுகிறது என்பதை மறைக்காது எழுதியது. அறிவை முடிவுகளின் பட்டியலாக அன்றி உழைப்பாகக் காட்டும் உரைநடை அது. விஞ்ஞானத்தை உழைக்கும் மக்களின் உடைமையாக்குவது என்ற இலட்சியத்துக்கு இதனினும் நேர்மையான சேவையை எண்ணிப்பார்த்தல் அரிது.

1937 ஆகஸ்ட் 6 இரவு கியேவில் பெற்றோர் இல்லத்தில் அவர் கைதுசெய்யப்பட்டார். குற்றச்சாட்டு, பாசிசப் பயங்கரவாத அமைப்பொன்றில் பங்குகொண்டமை. குற்ற ஒப்புதல் அக்காலத்தில் எவ்வாறு பெறப்பட்டது என்பது இன்று இரகசியமன்று. திரொட்ஸ்கியின் இயற்பெயரும் புரொன்ஷ்டெய்ன் என்பது, இருவருக்கும் உறவில்லை. 1938 பெப்ரவரி 18 இல் இராணுவ நீதிமன்றத்தின் முன் சில நிமிடங்களில் விசாரணை முடிந்தது, அன்றே கொல்லப்பட்டார். வயது முப்பத்தொன்று. மனைவிக்குச் சொல்லப்பட்டது, 'கடிதத் தொடர்பு உரிமையற்ற பத்தாண்டுச் சிறை' என்பது. அச்சொற்றொடரின் உட்பொருளை அறியாத யோஃபே, ஃபோக், தாம், மன்தெல்ஷ்தாம் ஆகிய விஞ்ஞானிகளும், மர்ஷாக், கொர்னேய் சுக்கோவ்ஸ்கி ஆகிய எழுத்தாளரும் 1939 இல், இறந்துபோன மனிதருக்காக மேலிடத்துக்கு விண்ணப்பங்கள் எழுதினர். அச்சம் ஆட்சிபுரிந்த காலத்தில் கையொப்பமிட்ட இப்பெயர்களை நாம் மறத்தலாகாது.

அவர் தனியாக விழவில்லை. இலந்தனில் உரையாற்றிய ஹெஸ்ஸெனைக் குறிப்பிட்டோம். கார்கோவில் தாழ்வெப்பப் பௌதிகவியலை வளர்த்த ஷுப்னிகோவ் 1937 நவம்பரில் கொல்லப்பட்டார். இவனென்கோ 1935 இலேயே கைதாகி நாடுகடத்தலுக்குள்ளானார். லண்டாவு 1938 ஏப்ரலில் கைதாகி, கப்பீத்சாவின் தலையீட்டால் ஓராண்டின் பின் விடுதலையானார். காமோவ் 1933 இலேயே வெளிநாடு சென்று திரும்பாதிருந்தார். மர்ஷாக்கின் ஆசிரியர் குழுவும் 1937 இல் சிதறடிக்கப்பட்டது; கப்பே, லுபார்ஸ்கயா ஆகியோர் கைதாயினர், கவிஞர் ஒலெய்னிகோவ் சுடப்பட்டார்.

இதற்கு இரு ஆயத்த விளக்கங்கள் கிடைக்கின்றன. மாக்சியம் இயல்பிலேயே விஞ்ஞானத்தின் பகை, ஆகவே புரொன்ஷ்டெய்ன் தமது கோட்பாட்டுக்காகப் பலியானார் என்பது ஒன்று. தரவுகள் இதற்கு இடந்தரவில்லை. ஈர்ப்பின் குவாண்டக் கொள்கைக்காக எவரும் அவரைத் தண்டிக்கவில்லை. மாறாக அதற்கு அரசு அவருக்குக் கலாநிதிப் பட்டம் வழங்கியது, அதன் சஞ்சிகைகள் அதனை வெளியிட்டன. மரபியலுக்கு நேர்ந்தது போன்ற கோட்பாட்டுத் தடை பௌதிகவியலுக்கு அவ்வளவில் நேரவில்லை. கலிலியோவின் உருவத்தில் அவரைக் காண்பது ஆறுதலான கற்பனை. கலிலியோ எதற்காகத் தண்டிக்கப்பட்டார் என்றாவது சொல்ல முடிந்தது.

மற்றைய விளக்கம் எமது அணியில் நெடுங்காலம் வழங்கியது: முதலாளித்துவ முற்றுகை, போர் அபாயம், தனிநபர் வழிபாடு, சில 'தவறுகள்'. முற்றுகையும் போர் அபாயமும் உண்மை; 1941 அதனை மெய்ப்பித்தது. ஆயின் போருக்கு ஆயத்தமாகும் நாடு தனது குறைகடத்தி ஆய்வாளரை ஏன் கொல்லவேண்டும் என்ற வினாவுக்கு அதில் விடையில்லை. ஒரு தலைவரின் குணவியல்பில் முழுக் காரணத்தையும் காண்பது பொருள்முதல்வாத வரலாற்றுநோக்கும் ஆகாது. நியூற்றனை விளக்க நியூற்றனின் மேதைமை போதாது என்று ஹெஸ்ஸென் சொன்னார். ஸ்டாலினை விளக்க ஸ்டாலினின் கொடுமை எவ்வாறு போதும்? பற்றாக்குறைச் சமூகத்தில் விரைந்த மூலதனத் திரட்டலைக் கட்டாயத்தினால் நடத்திய நிருவாக அடுக்கு, தனது ஒவ்வொரு தோல்விக்கும் சதிகாரரைத் தேடவேண்டிய நிலையில் இருந்தது. சதியைக் கண்டுபிடிப்பதையே உற்பத்தி இலக்காகக் கொண்ட திணைக்களம் ஒன்றும் இருந்தது. 1937 இல் மாகாணங்களுக்குக் கைது எண்ணிக்கைகள் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டமை இன்று ஆவணங்களால் உறுதியாகியுள்ளது. அந்த எந்திரத்துக்கு மனிதரின் கருத்து பொருட்டன்று. ஈதரை நம்பியவரும் அதனை எள்ளியவரும் அதற்கு ஒன்றே. தத்துவ விவாதங்களின் பங்கு வேறு வகையானது. எதிர்க்கருத்தாளரைப் பிழைபட்டவர் என்னாது பகைவர் என விளிக்கும் மொழியை அவை பழக்கப்படுத்தின. அம்மொழியை எழுதியவர்கள் எம்மைப் போன்ற தத்துவ, இலக்கிய அறிஞர்களே என்பதைக் கூறாது விடுதல் நேர்மையாகாது.

இம்மொழியின் விளைவை உள்ளிருந்து காட்டிய படைப்பினைத் தந்தவர் சுக்கோவ்ஸ்கயாவே. 1939-40 குளிர்காலத்தில், பள்ளிக் கொப்பியொன்றில் இரகசியமாக எழுதப்பட்ட 'சோஃபியா பெத்ரோவ்னா' என்னும் குறுநாவலின் நாயகி பதிப்பகமொன்றின் தட்டச்சாளர். அரசை ஐயமின்றி நம்பும் சாதாரணப் பெண். மகன் கைதாகிறான். சிறை வாயில் வரிசையில் நிற்கும் ஏனைய பெண்களின் கணவரும் மக்களும் உண்மையிலேயே பகைவர்கள் என்றும், தன் மகன் விடயத்தில் மட்டுமே தவறு நேர்ந்துவிட்டது என்றும் அவள் நம்புகிறாள். தமது சொந்த அனுபவத்தை எழுதிய ஆசிரியர், தம்மைப் போல் யாவும் உணர்ந்த ஒருத்தியைத் தேராது இப்பெண்ணைத் தேர்ந்தமை நடப்பியலின் பெருவெற்றி என நாம் மதிக்கிறோம். வரிசையில் நின்றோர் ஒருவரோடொருவர் சேர முடியாமற்போனமையே அந்நாவலின் மையத் துயரம். அது 1965 இல் பாரிசில் வெளிவந்தது; தாயகத்தில் வெளிவர 1988 வரை காத்திருக்கவேண்டியதாயிற்று. 1974 இல் ஆசிரியர் எழுத்தாளர் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார்.

1957 இல் புரொன்ஷ்டெய்ன் குற்றமற்றவர் என அறிவிக்கப்பட்டார். மனைவிக்குக் கிடைத்த இறப்புச் சான்றிதழில் காரணத்துக்கும் இடத்துக்கும் உரிய கட்டங்களில் வெறும் கோடுகளே இழுக்கப்பட்டிருந்தன. தாம் இறுதியாண்டுகளில் எழுதி, 2001 இல், இறந்து ஐந்தாண்டுகளின் பின் வெளிவந்த நினைவு நூலுக்கு அக்கோட்டையே சுக்கோவ்ஸ்கயா பெயராக வைத்தார். 1959 இல் 'சூரியப் பொருள்' மீண்டும் அச்சானபோது முன்னுரை எழுதியவர் லண்டாவு. கோரேலிக்கும் ஃப்ரெங்கெலும் எழுதிய விரிவான வாழ்க்கை வரலாறு 1990 இல் வந்தது. அதே ஆண்டிலேயே சுக்கோவ்ஸ்கயா விசாரணைக் கோப்பினைக் காண முடிந்தது. 1936 ஆம் ஆண்டின் ஈர்ப்புக் கட்டுரை 2012 இல் சர்வதேசச் சார்புக் கொள்கைச் சஞ்சிகையொன்றில் ஆங்கிலத்தில் மறுபிரசுரம் பெற்றது. ஈர்ப்பு அலைகள் 2015 செப்டெம்பர் 14 இல் அமெரிக்காவின் இரு அவதான நிலையங்களில் முதன்முறை பதிவாயின. கிரவித்தனை எவரும் இன்னும் கண்டதில்லை. அவரது வரைபடத்தில் மூன்று மாறிலிகளும் சந்திக்கும் அவ்விடமும் இன்னும் வெறுமையாகவே உள்ளது.